பற்று வரவு

‘யாருக்கும் தொந்தரவு கொடுக்காம இருந்துட்டுப் போயிடணும் சார்!’

இந்த வாசகத்தை எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டிருப்பீர்கள்? ரிட்டயர் ஆனவர்கள் சொல்வார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருப்பவர்கள் சொல்வார்கள். இப்போது முப்பது வயசுக்காரர்களே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். கல்யாணத்துக்குப் போனால் லாட்ஜ். அக்கா வீடு இருக்கிற ஊருக்குப் போனாலும் ஆன்லைனில் ஒரு ரூம். ‘எதுக்கு அவங்களுக்குச் சிரமம்?’ கேட்பதற்கு எவ்வளவு பண்பாக இருக்கிறது! மறுத்துப் பேசினால் நாம்தான் நாகரிகம் தெரியாத ஆள்.

இது நிஜமாகவே நல்ல குணம்தானா? எனக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம். போன டிசம்பரில் ஐந்து நாள் மலைப் பக்கம் சுற்றியதில் அந்தச் சந்தேகம் நன்றாக முற்றிவிட்டது.

சுற்றியது கேம்பர் வேனில். நம் ஊரில் ‘கேரவன்’ என்றால், ஷாட்டுக்கு ஷாட் நட்சத்திரங்கள் ஏறி உட்கார்ந்து ஏ.சி. வாங்குகிற சினிமா வண்டிதான் ஞாபகம் வரும். இது வேறு. படுக்க இரண்டு கட்டில், காஸ் அடுப்பு, குட்டி ஃபிரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி, தீப்பெட்டி சைஸில் ஒரு கழிவறை. பின்பக்கம் இரண்டு சைக்கிள்களை மாட்டிக்கொள்ள ஒரு ஸ்டாண்ட். கேரள அரசு 2021-ல் இந்த மாதிரி வண்டிகளுக்கென்றே தனியாக ஒரு சுற்றுலாக் கொள்கை கொண்டுவந்தது. வாகமனில் வண்டி நிறுத்த ஒரு பார்க்கூட வந்துவிட்டது.

வண்டியை பெங்களூரில் வாடகைக்கு எடுத்து வந்தவன் என்னோடு பி.காம் படித்த நண்பன். இருபது வருஷமாக அமெரிக்கவாசி. அங்கே லீவு விட்டால் இப்படித்தான் குடும்பத்தோடு மலை மலையாகப் போவானாம். நடப்பது, சைக்கிள் விடுவது, வழியில் இருக்கிற நண்பர்களை எட்டிப் பார்ப்பது. அதையே நம் ஊர் மலைகளிலும் செய்யவேண்டும் என்று ஆசை. கோடைக்கானல், அங்கிருந்து இறங்கி பெரியகுளம், போடி, மறுபடி ஏறி போடிமெட்டு வழியாக மூணாறு. இதுதான் திட்டம்.

‘எவன் கையையும் எதிர்பார்க்க வேண்டாம்டா. நம்ம வீடு நம்மகூடவே வருது’ என்றான். நத்தையும் அதைத்தான் சொல்லும் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் சிக்கல் கிளம்புவதற்கு முன்பே வந்தது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7-லிருந்து கோடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் இ-பாஸ் வேண்டும். எத்தனை பேர், என்ன வண்டி, எத்தனை நாள் என்று கேட்டுக்கொண்டே வந்து, எங்கே தங்குகிறீர்கள் என்றும் கேட்கிறது. ‘வண்டியிலேயே’ என்று போடச் சொன்னான். ‘அப்படிப் போட்டா கம்ப்யூட்டருக்கே கோபம் வரும்டா’ என்று ஒரு நண்பரின் தோட்ட முகவரியைப் போட்டேன். அன்றிரவு வண்டியை நிறுத்தியதும் அந்தத் தோட்டத்தில்தான்.

கோடைக்கானல் நமக்கு எப்போதுமே பக்கத்து வீடு மாதிரி. 1985-ல் திண்டுக்கல் தனி மாவட்டம் ஆகும் வரைக்கும் அது மதுரை மாவட்டம்தான். அந்த ஏரியை 1863-ல் உருவாக்கிய லெவிஞ்ச், மதுரை கலெக்டர். அதற்கும் முன்னால், 1845-ல் அங்கே முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டியவர்கள் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள். சமவெளியின் காய்ச்சலிலும் காலராவிலும் ஆட்களை வரிசையாகப் பறிகொடுத்துவிட்டு, பிழைத்துக் கிடப்பதற்காக மேலே போனார்கள்.

எப்படிப் போனார்கள் என்பதுதான் விஷயம். மலையடிவாரம் வரை மாட்டு வண்டி. அதற்கு மேல் நாற்காலியில் மூங்கில் கட்டி, ஆட்கள் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். துரைகளும் துரைசானிகளும் குழந்தைகளும் பெட்டிகளும் எல்லாம் தோளில். மோட்டார் ஓடுகிற மலைப்பாதை வர இருபதாம் நூற்றாண்டு பிறக்கவேண்டியிருந்தது. பங்களா கட்டியவர்களின் பெயர்கள் புத்தகத்தில் இருக்கின்றன. தூக்கிய தோள்களுக்குப் பெயர் இல்லை. கூலி கொடுத்தாகிவிட்டது, கணக்கு முடிந்தது.

இதை ஏரிக்கரையில் சைக்கிள் விட்டுக்கொண்டே சொன்னேன். ‘அதனாலதான்டா சொல்றேன். யாரையும் சுமக்க வைக்கக் கூடாது. அவனவன் காலு, அவனவன் வண்டி’ என்றான். அவன் பக்கமும் நியாயம் இருக்கிறது பாருங்கள்! அதனால்தான் இதை ஒரு பக்கக் கதையாக எழுத முடியவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் போடி. ஏலக்காய் வியாபாரம் செய்கிற எங்கள் வகுப்புத் தோழன் வீடு. மலையில் விளைகிற ஏலக்காய் கீழே இறங்கி, ஏலத்தில் விலை பேசப்படுகிற ஊர் அது. தெருவுக்குள் நுழைந்தாலே மணக்கும். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினோம். தெருப் பிள்ளைகள் எல்லாம் உள்ளே ஏறிப் பார்த்துவிட்டு, குழாயைத் திறந்து மூடி, கட்டிலில் குதித்து இறங்கினார்கள். வீட்டுக்குள் சுண்டல், காபி, பழைய கதை. ஒன்பது மணிக்கு இலை போடப் போனபோது அமெரிக்க நண்பன் எழுந்துவிட்டான்.

‘இல்ல, நாங்க வண்டியிலயே சாப்ட்டுப் படுத்துக்கறோம். எல்லாம் இருக்கு. உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு?’

போடிக்காரன் சிரித்துச் சமாளித்தான். அவன் அம்மாவுக்கு எண்பது வயது இருக்கும். திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் கேட்டார். கோபமாகக்கூட இல்லை, புரியாமல்தான் கேட்டார்:

‘ஏப்பா, வீட்டையும் தூக்கிக்கிட்டுத்தான் வருவீகன்னா, என் வீட்டுக்கு எதுக்குய்யா வந்தீக?’

அவன் பதில் சொல்லாமல் வண்டிக்குப் போய் நூடுல்ஸ் கிளறினான். நான் உள்ளே போய் இலையில் உட்கார்ந்துவிட்டேன். தத்துவ ஆராய்ச்சி எதுவும் இல்லை, கருவாட்டுக் குழம்பு வாசனை.

அந்தப் பாட்டியின் கேள்வியை ஜெர்மன் தத்துவஞானி இம்மானுவேல் கான்ட் வேறு பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறார். 1795-ல் உலக அமைதி பற்றி அவர் எழுதிய சிறிய நூலில் ஒரு கணக்கு வைக்கிறார். பூமி உருண்டை. மனிதர்கள் எல்லையில்லாமல் சிதறிப்போய்விட முடியாது. எப்படியும் ஒருத்தரை ஒருத்தர் சந்தித்தே ஆகவேண்டும். அதனால் ஓர் அந்நியனுக்கு வந்து பார்க்கிற உரிமை உண்டு, அவனைப் பகைவனாக நடத்தக் கூடாது. ஆனால், விருந்தாளியாக இருக்கிற உரிமை தானாக வந்துவிடாது. அதற்குத் தனியாக ஒரு நட்பு உடன்பாடு வேண்டும். இவ்வளவு சொன்ன கான்ட் தன் கோனிக்ஸ்பர்க் பக்கத்தை விட்டு வெளியே போனதே இல்லை என்பது வேறு விஷயம்! கேம்பர் வேன் பயணி கான்ட்டின் முதல் உரிமையோடு திருப்திப்பட்டுக்கொள்கிறவர். வருவார், பார்ப்பார், போவார். பாட்டி கேட்டது இரண்டாவது.

சரி, அந்தப் பாட்டி பக்கமே சாய்ந்துவிடலாமா? மறுநாள் காலை அதற்கும் ஒரு முட்டுக்கட்டை வந்தது. அடுக்களை வாசலில் காபிக்கு நின்றபோது, நண்பனின் மனைவியிடம் ராத்திரி நடந்ததற்கு வருத்தம் தெரிவிக்கிற தொனியில் ஏதோ சொன்னேன். அவர் ஸ்கூல் டீச்சர். ஏழரைக்குக் கிளம்ப வேண்டியவர். பட்டென்று சொன்னார்:

‘அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே. அத்தைக்கு விருந்தாளி வந்தா சந்தோஷம். அரைக்கிறதும் கழுவுறதும் நானு. வண்டியில படுத்துக்குறேன்னு அவரு சொன்னப்ப எனக்கு உள்ளுக்குள்ள நிம்மதியாத்தேன் இருந்துச்சு.’ கொஞ்சம் நிறுத்தி, ‘ஆனா ஆசையா வெச்ச கொழம்பு. ரெண்டு வாய் தின்னுட்டுப் போயிருக்கலாம்’ என்றார்.

விருந்தோம்பலுக்கென்று பத்துக் குறள் ஒதுக்கிய ஊர் நாம். அந்த விருந்துக்கு அம்மி அரைத்த கை எது என்று அதிகம் கேட்டுக்கொண்டதில்லை. ‘தொந்தரவு’ என்ற வார்த்தைக்கு உண்மையான அர்த்தம் தெரிந்தவர்கள் அடுக்களையில் நிற்கிறார்கள். ஹாலில் உட்கார்ந்து விருந்தின் பெருமை பேசுகிறவர்கள் முதலில் ஒரு பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டுப் பேசவேண்டும்.

இன்னொருவரும் ஞாபகத்துக்கு வந்தார். என்னோடு பல வருஷம் வேலை பார்த்த புகைப்படக்காரர். தலித். எந்த ஊருக்கு அசைன்மென்ட் போனாலும், யார் கூப்பிட்டாலும், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட மாட்டார். பையில் டிபன் பாக்ஸ், பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் லாட்ஜ். ஒருமுறை கேட்டதற்குச் சொன்னார்: ‘வீட்டுக்குள்ள கூப்பிடுவாங்க சார். தண்ணி குடுக்குறதுக்கு முன்னால ஊரைக் கேப்பாங்க. அப்புறம் தெருவைக் கேப்பாங்க. அதுக்கு அப்புறம் தண்ணி வருமான்னு தெரியாது.’ டீக்கடைகளில் இரட்டைக் குவளை பார்த்து வளர்ந்தவர். அவருக்கு, சொந்தத் தட்டில் சாப்பிடுவது சுயமரியாதை. அவரிடம் ஒரு கேம்பர் வேன் இருந்தால், அதைவிட கௌரவமான வாகனம் உலகத்தில் கிடையாது. திறந்த கதவின் பெருமையை நான் அவரிடம் எப்படிப் பேசுவது?

ஆகவே கேள்வியைக் கொஞ்சம் திருத்திக் கேட்கவேண்டும். ‘எனக்கு யார் தயவும் வேண்டாம்’ என்று சொல்வது யார்? கதவு சாத்தப்பட்டவர் சொன்னால் அதற்கு ஒரு அர்த்தம். எல்லாக் கதவும் திறந்தே இருந்த என் அமெரிக்க நண்பனும் நானும் சொன்னால் அர்த்தமே வேறு. அதில் பண்பு பாதி, பயம் பாதி. இன்று ஒரு ராத்திரி படுத்து எழுந்தால், நாளை அவர்கள் நம் வீட்டுக்கு வருவார்களே! பிள்ளைக்கு சீட், மாமாவுக்கு ஆபரேஷன், மச்சினனுக்கு வேலை என்று ஏதாவது கேட்பார்களே! அதற்கு இடம் கொடுக்காமல் முதலிலேயே வாசலில் நின்றுவிடுவது பாதுகாப்பு.

பி.காம் படித்தவன் என்பதால் எனக்கு எதையும் லெட்ஜராகப் பார்க்கிற வியாதி உண்டு. கணக்குப்பதிவியலின் முதல் பாடம்: பெறுபவர் கணக்கில் பற்று வை, தருபவர் கணக்கில் வரவு வை. ‘பற்று’ என்ற சொல்லுக்குத் தமிழில் இன்னொரு அர்த்தமும் இருக்கிறதை அந்த வயசில் எவன் கவனித்தான்? ‘கடன்’ என்ற சொல்லும் அப்படித்தான். வாங்கின காசும் கடன், செய்யவேண்டிய கடமையும் கடன்.

உசிலம்பட்டிப் பக்கம் விசேஷ வீடுகளில் மொய் நோட்டு எழுதுகிற ஒரு பெரியவர் எனக்கு விளக்கியிருக்கிறார். ஐந்நூறு வாங்கியவன் ஐந்நூறே திருப்பி எழுதினால் ‘உனக்கும் எனக்கும் கணக்கு முடிஞ்சுபோச்சு’ என்று அர்த்தமாம். உறவு வேணும்னா கொஞ்சம் கூட்டி எழுதணும். அப்போதுதான் பாக்கி நிற்கும், பாக்கி நின்றால்தான் ஆள் வருவான். ஆடிட்டர் யாராவது இதைப் பார்த்தால் மயங்கி விழுவார். எங்கள் படிப்பில் டாலி ஆனால் சந்தோஷம். அங்கே டாலி ஆனால் பகை. (மொய்க்காகக் கடன் வாங்கி நொந்தவர்களையும் எனக்குத் தெரியும். அது இன்னொரு வாரத்துக்கான கட்டுரை.)

அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எங்கள் வண்டியை மறுபடி பாருங்கள். போடியில் ராத்திரி முழுக்க வண்டியின் பேட்டரி சார்ஜ் ஆனது, நண்பன் வீட்டு ஜன்னல் வழியாக இழுத்த ஒயரில். வண்டித் தொட்டிக்குத் தண்ணீர் அவர்கள் வீட்டு மோட்டாரிலிருந்து, டியூப் போட்டு. அந்தக் கழிவறைப் பெட்டி இருக்கிறதே, அதை மூன்று நாளாக எங்கே காலி செய்வது என்று தெரியாமல் சுமந்துகொண்டிருந்தோம். பெட்ரோல் பங்கில் கேட்டால் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். மலையில் கொட்ட மனசு வரவில்லை, வரவும் கூடாது. கடைசியில் போடி வீட்டு செப்டிக் டாங்கில்தான் ஊற்றினோம்.

அதாவது, கரன்ட்டை வாங்கிக்கொண்டோம். தண்ணீரை வாங்கிக்கொண்டோம். அதைக்கூட அவர்கள் வீட்டில் கொட்டினோம். வேண்டாம் என்று சொன்னது ஒன்றே ஒன்றை. அவர்கள் ஆசையாகக் கொடுக்க நினைத்த குழம்பை! இதற்குப் பெயர் தொந்தரவு தராமல் இருப்பதா?

‘சொந்தக் காலில் நிற்கிறேன்’ என்பவர் எவருக்கும் இப்படி ஒரு ஜன்னல் ஒயர் எங்காவது இருக்கும். அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் 1960-ல் ஒரு டிரக்கின் முதுகில் வீடு கட்டி, சார்லி என்ற நாயைக் கூட்டிக்கொண்டு தன் தேசத்தைச் சுற்றினார். கேம்பர் வேன்காரர்களுக்கு அந்தப் புத்தகம் வேதம். பிற்பாடு அவர் போன வழியைத் துருவிப் பார்த்த ஒரு பத்திரிகையாளர், பல இரவுகள் அவர் படுத்தது ஓட்டல்களிலும் அடுத்தவர் வீடுகளிலும்தான் என்று எழுதினார். எனக்கு அதில் ஸ்டைன்பெக் மேல் மதிப்புக் குறையவில்லை. மனுஷன் பிறகு எங்கே படுப்பான்?

அவ்வளவு தூரம் எதற்கு? மதுரையில் நாம் குடிக்கிற தண்ணீரே மலை கொடுத்ததுதான். வருசநாட்டு மலையிலிருந்து வருகிற வைகையும், 1895-லிருந்து மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்பப்பட்ட பெரியாறும் சேர்ந்து, வைகை அணை வழியாக நம் வீட்டுக் குழாய்க்கு வருகின்றன. அந்த மலைக்குத்தான் ‘யாரையும் எதிர்பார்க்காமல்’ சுற்றுலா போகிறோம்.

போடியிலிருந்து ஒரு காலை குரங்கணிப் பக்கம் நடக்கப் போனோம். 2024 அக்டோபரிலிருந்து தமிழக வனத்துறை நாற்பது மலைப்பாதைகளை ஆன்லைன் முன்பதிவுக்குத் திறந்திருக்கிறது. ஆனால், தனியாகப் போக முடியாது. உள்ளூர் வழிகாட்டி ஒருவரோடுதான் போகவேண்டும். ‘மேப் இருக்கு, ஜி.பி.எஸ். இருக்கு, எதுக்கு ஆளு?’ என்று நண்பன் முணுமுணுத்தான். ஒரு மணி நேர நடையில் அந்த இளைஞன் சட்டென்று கையைக் குறுக்கே நீட்டி, ‘நில்லுங்கண்ணே’ என்றான். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டு நிமிஷம் கழித்து, புதருக்குள்ளிருந்து ஒரு காட்டுமாடு நிதானமாக வெளியே வந்து, பாதையைக் கடந்து போனது. அது எந்த மேப்பிலும் இல்லை.

அந்த மலையில்தான் 2018 மார்ச் 11-ம் தேதி காட்டுத் தீயில் மலையேற்றக் குழுவினர் சிக்கிக்கொண்டார்கள். 23 உயிர்கள் போயின. பெரும்பாலும் இளம் வயசு. அவர்கள் செய்த தப்பு என்று நான் எதையும் சொல்ல வரவில்லை. வார விடுமுறையில் மலையைப் பார்க்க ஆசைப்படுவது தப்பா? நான் சொல்ல வருவது அந்த ராத்திரியைப் பற்றி. தீ தெரிந்ததும் முதலில் மேலே ஓடியவர்களில் குரங்கணி ஊர்க்காரர்களும் இருந்தார்கள். காயம்பட்டவர்களை இருட்டில், வழி இல்லாத சரிவில், தூளி கட்டித் தோளில் சுமந்து இறக்கினார்கள். மேலே கிடந்தவர்கள் யார், எந்த ஊர், என்ன ஆட்கள் என்று யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

இந்தத் தோளையும் 1845-ன் அந்தத் தோளையும் ஒன்றாக வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒன்று கூலிக்கு வேறு வழியில்லாமல் குனிந்தது. இன்னொன்றை யாரும் விலைக்குக் கேட்கவில்லை. சுமப்பது கேவலமா, சுமக்கப்படுவது கேவலமா என்ற கேள்விக்கெல்லாம் பதில் அந்த வித்தியாசத்தில்தான் எங்கேயோ இருக்கிறது.

மூணாறுக்கு ஏறும்போது அழகரைப் பற்றிப் பேச்சு வந்தது. மதுரைக்காரர்கள் இரண்டு பேர் ஐந்து நாள் சேர்ந்து இருந்தால் அழகர் வராமல் இருப்பாரா? அவரும் மலைவாசிதானே! சித்திரையில் அழகர்மலையிலிருந்து கிட்டத்தட்ட இருபது கிலோ மீட்டர் இறங்கி வருகிறார். கோயிலைக் கூடவே கொண்டுவரலாம், சாமிக்கு முடியாததா? செய்வதில்லை. வழியெல்லாம் நூற்றுக்கணக்கான மண்டகப்படி. ஒவ்வொன்றிலும் நின்று, அவர்கள் கொடுப்பதை ஏற்றுக்கொண்டுதான் நகர்கிறார். இதனால் ஆற்றில் இறங்கத் தாமதமாகிறது என்று ஒருநாளும் அவர் பைபாஸில் போனதில்லை. மண்டகப்படி உரிமைக்குள்ளும் சாதி இருக்கிறது, சண்டை இருக்கிறது. அது தெரியாமல் சொல்லவில்லை. ஆனால் எதிர்சேவைக்கு மூன்றுமாவடியில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தால், ‘உங்களுக்கு எதுக்குச் சிரமம்’ என்று சாமி சொல்லியிருந்தால் இந்த ஊர் என்னவாகியிருக்கும் என்று தோன்றும்.

சின்ன வயசில் அந்தத் திருவிழாவுக்கு கிராமங்களிலிருந்து கூண்டு வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். பானை, அரிசி, வைக்கோல், பிள்ளை குட்டி எல்லாம் வண்டிக்குள். ஆற்று மணலில் மூன்று கல் வைத்துச் சமைப்பார்கள். அதுதான் நான் பார்த்த முதல் கேம்பர் வேன். அந்த வண்டிகளைச் சுற்றி விளையாடிய தல்லாகுளத்துப் பையன்களில் நானும் ஒருவன். எங்கள் வீட்டில் சோறு இருந்தாலும் அங்கே ஒரு உருண்டை புளிச்சோறு கிடைக்கும். யார் பிள்ளை என்று கேட்டுக்கொண்டே உருட்டிக் கொடுப்பார்கள்.

போடியிலிருந்து கிளம்பும்போது அந்தப் பாட்டி அரைக் கிலோ ஏலக்காயைப் பொட்டலம் கட்டி வண்டிக்குள் வைத்துவிட்டார். நண்பன் செல்போனில் அன்றைய ஏல விலையைப் பார்த்துவிட்டு, ‘இவ்ளோ ரூபாடா! ஜிபே பண்ணிடட்டுமா?’ என்று கேட்டான். ‘பண்ணிப் பார். அதோட உன் நம்பரை அந்தம்மா பிளாக் பண்ணிடும்’ என்றேன். பண்ணவில்லை. மூணாறு போய்ச் சேரும் வரைக்கும் அந்தப் பொட்டலத்தை எங்கே வைப்பது என்று தெரியாதவன்போல இடம் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தான்.

இப்போது போடிக்காரன் மகளுக்கு அமெரிக்காவில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. ‘ரூம் கிடைக்கிற வரைக்கும் ரெண்டு வாரம் உன் வீட்ல இருக்கட்டும் மாப்ளே’ என்று அவன் நேராகவே கேட்டுவிட்டானாம், தயக்கமே இல்லாமல். அன்று ராத்திரி பதினொரு மணிக்கு அமெரிக்காவிலிருந்து எனக்கு போன். என்ன சொல்லப் போகிறானோ என்று எடுத்தேன்.

‘டேய், அந்தப் பொண்ணு காலைல காபி குடிக்குமா, டீ குடிக்குமா? அப்புறம் பாட்டி ரெண்டு கிலோ கருவாடு குடுத்து விடுதாம். ஏர்போர்ட்டுல விடுவானா?’